அக்காவுக்கு ஜூரி அழைப்பு

நியூ ஜெர்சியில் ஒரு நீதிமன்றத்தின் ஜூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. ஊரிலுள்ள சாதாரண சனங்களுக்கு, இன்ன நாளில் வந்து வழக்குக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று கடிதம் அனுப்புவோம். கடிதம் போய்ச் சேர்ந்த அடுத்த நாளே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஒருவருக்கு முதுகு வலி. ஒருவருடைய நாயைப் பார்க்க ஆள் இல்லை. இன்னொருவர், "யாரைப் பார்த்தாலும் எனக்குக் குற்றவாளி மாதிரித்தான் தெரியும், நான் வந்தால் நல்லதில்லை" என்பார். பதினாறு வருடமாக இந்தச் சாட்டுகளைக் கேட்டு வருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

அதனால் லண்டனிலிருந்து என் கூடப்பிறந்த சறோ அக்கா தொலைபேசியில் அழுதபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"தம்பி, கோட்டிலையிருந்து கடிதம் வந்திருக்கு. நான் ஒண்டும் செய்யேல்லை."

"அக்கா, அது ஜூரிக்கு. நீங்கள் குற்றம் செய்தனீங்கள் எண்டு இல்லை. தீர்ப்புச் சொல்ல வரச் சொல்லுறாங்கள்."

"அது அதைவிடப் பயம். நீ கோட்டிலை வேலை செய்யிறனி. என்னாலை ஏலாது எண்டு ஒரு கடிதம் எழுதித் தா."

அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து லண்டனில் முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அத்தான் இறந்து நான்கு வருடம். ஒரே மகள் கைக்குழந்தையோடு மான்செஸ்டரில் இருக்கிறாள். தோர்ண்டன் ஹீத்தில் சின்ன வீடு, தனி ஆள். வேற்று நாட்டுக்காரனான நான் கடிதம் எழுதினால் அந்த நீதிமன்றம் அதைக் குப்பையில்தான் போடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் அழுத விதம் முதுகு வலிக்காரரின் அழுகை போல இல்லை. லீவு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். அக்கா குழல் புட்டும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் மீன் குழம்பும் வைத்திருந்தார். நான் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். அவர் தன் தட்டில் புட்டை உதிர்த்து உதிர்த்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கடிதம் சுவாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. எங்கள் கடிதத்தைப் போலவே அதுவும் கொஞ்சம் மிரட்டித்தான் எழுதப்பட்டிருந்தது. வராவிட்டால் தண்டனை என்ற வரி எங்களுடையதிலும் உண்டு. அந்த வரியை வாசிப்பவர் யார் என்று அலுவலகத்தில் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஞாயிறன்று ஒத்திகை பார்த்தோம். வீட்டிலிருந்து கோட்டுக்கு பஸ்ஸில் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்கலாம் என்றேன். பாதி வழியில், "இந்த பஸ் இத்துடன் முடிவடைகிறது" என்று ஒரு பெண் குரல் மிக மரியாதையாகச் சொன்னது. எல்லோரும் மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். எங்கள் ஊரில் என்றால் டிரைவரிடம் நாலு பேராவது சண்டைக்குப் போயிருப்பார்கள். பக்கத்தில் இறங்கிய கரீபியக் கிழவர் ஒருவர் அக்காவிடம், "அம்மா, எங்கே முடிப்பது என்று அந்தப் பஸ்ஸுக்கே தெரியாது, கவலைப்படாதீர்கள்" என்றார். அன்று முழுவதும் அக்கா சிரித்தது அந்த ஒரு முறைதான்.

கோட் பூட்டியிருந்தது. அகலமான செங்கல் கட்டடம், வாசலில் அரசரின் சின்னம். அக்கா வீதிக்கு மறுபக்கமே நின்றுவிட்டார். கிட்டப் போய்ப் பார்ப்போம் என்றேன். "நாளைக்குப் பாக்கிறன்தானே" என்றார்.

மாலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார்: "உங்கடை அமெரிக்காவிலை எப்பிடி? சொல்லு, கேப்பம்."

சொன்னேன். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நீதிமன்றங்கள், அதற்கு மேலே முழு நாட்டுக்கும் மத்திய நீதிமன்றங்கள் என்று இரண்டு ஏணிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். களவு, அடிதடி, விவாகரத்து, வீட்டு வாடகைச் சண்டை எல்லாம் பெரும்பாலும் மாநிலத்து ஏணியில். சில மாநிலங்களில் நீதிபதியாகவும் தேர்தலில் நின்று, வாக்குக் கேட்டுத்தான் வர வேண்டும்.

"ஜட்ஜ் வோட்டுக் கேக்கிறதோ?"

"ஓம். ரோட்டோரத்திலை பேரெழுதிப் பலகை நட்டிருப்பினம்."

"அப்ப தோத்த கட்சிக்காரன் அவரிட்டை வழக்குக்குப் போனா?"

அந்தக் கேள்விக்குப் பெரிய சட்டக் கல்லூரிகளிலேயே இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றேன்.

அமெரிக்காவில் பெரும்பாலான குற்ற வழக்குகள் ஜூரி வரைக்கும் வருவதே இல்லை என்றும் சொன்னேன். அரசு வழக்கறிஞரும் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரும் பேசி, "இதை ஒத்துக்கொண்டால் தண்டனையைக் குறைக்கிறோம்" என்று முடித்துவிடுவார்கள். செய்யாத குற்றத்தைக்கூடப் பயத்தில் ஒத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பேரம் பேசாமல், பன்னிரண்டு சாதாரண ஆட்கள் என் கதையைக் கேட்கட்டும் என்று நிற்கிற ஒருவருக்காகத்தான் நாங்கள் கடிதம் அனுப்புவது.

அக்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "பன்னிரண்டு பேர் கேப்பினம் எண்டு நம்பி நிக்கிற ஆள்" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸை நம்பாமல் ரயிலில் போனோம். வாசலில் பையைச் சோதித்து அவரை உள்ளே விட்டார்கள். ஜூரிகள் காத்திருக்கும் மண்டபத்துக்குள் நான் போக முடியாது. வெளியே சந்தைத் தெருவில் நடந்தேன். ஒரு கடையில் மட்டன் ரோல் வாங்கினேன். கடித்தபோது உள்ளே உருளைக்கிழங்குதான் மட்டனைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு அக்கா வந்தார். நாள் முழுக்கப் பெயர் கூப்பிடவில்லையாம். பக்கத்தில் மார்சியா என்று ஒரு ஜமேக்காப் பெண், ஓய்வுபெற்ற தாதி, கம்பளி பின்னிக்கொண்டிருந்தாராம். "எனக்கும் பயம்தான், அதுதான் பின்னுறன்" என்றாராம்.

"அவவுக்கும் பயமாம் தம்பி." அக்காவின் குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது.

செவ்வாயன்று தெரிவுசெய்துவிட்டார்கள். எனக்கு நம்ப முடியவில்லை, அவ்வளவு வேகம். எங்கள் நீதிமன்றத்தில் ஜூரியைத் தெரிவுசெய்வதே தனி நாடகம். நீதிபதி கேட்பார், வழக்கறிஞர்களின் கேள்விகளும் வரும்: உங்கள் வீட்டில் பொலீஸ்காரர் உண்டா, என்ன பத்திரிகை வாசிப்பீர்கள், உங்கள் காரில் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. காரணம் சொல்லாமலே சிலரை அனுப்பிவிடலாம். சில வழக்குகளில் அதற்கே நாட்கணக்கில் போகும். இங்கே பெயர்ச் சீட்டை எடுத்து வாசித்தார்கள். வழக்கில் வருபவர்கள் யாரையாவது தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றதும் சத்தியம் செய்து உட்காரச் சொல்லிவிட்டார்களாம்.

"எந்தப் புத்தகத்திலை சத்தியம் செய்யிறியள் எண்டு கேட்டவை. கீதை வைச்சிருந்தவை. எனக்கு அதை வாசிச்ச பழக்கமில்லை. வாசிக்காத புத்தகத்திலை கையை வைச்சு எப்பிடிச் சத்தியம் செய்யிறது? புத்தகம் வேண்டாம், என்ரை வாயாலை உறுதி சொல்லுறன் எண்டனான். எல்லாரும் திரும்பிப் பாத்தவை."

"பிறகு?"

"பிறகு ஒண்டும் இல்லை. இனி நீ ஒண்டும் கேக்கக்கூடாது. ஆரோடையும் கதைக்கக்கூடாதாம். ஜட்ஜ் சொல்லிப்போட்டார்."

அந்த நிமிடத்திலிருந்து அக்காவின் வாய்க்குப் பூட்டு விழுந்தது. என்ன வழக்கு என்றுகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வழக்கு நடந்த அறையின் பார்வையாளர் வரிசையில் யாரும் போய் உட்காரலாம். ஆனால் ஜூரியின் தம்பி அங்கே இருந்தால் யாராவது பிழையாக நினைக்க இடமுண்டு. அதனால் அந்தக் கட்டடத்துக்குள் நான் போகவில்லை.

புதன்கிழமை அதற்குப் பதிலாக ஒரு மாஜிஸ்திரேட் கோட்டுக்குப் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். சிறு குற்றங்களுக்கான இடம். மேடையில் மூன்று பேர். மூவரும் சட்டம் படித்தவர்கள் இல்லை, சம்பளமும் இல்லை. நடுவில் இருந்தவர் பள்ளிக்கூட ஆசிரியை போலத் தெரிந்தார். சட்டம் சொல்லிக்கொடுக்கக் கீழே ஒரு அதிகாரி இருந்தார். பக்கத்து வீட்டு வேலியை உடைத்த ஒருவர் நின்றார். ஏன் உடைத்தீர்கள் என்று கேட்டபோது, மனைவி போன பிறகு தனக்கு நித்திரையே இல்லை, அவர்களுடைய காற்றுமணி அடித்துக்கொண்டே இருக்கும் என்றார். நடுவிலிருந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, "இப்போதாவது தூங்குகிறீர்களா?" என்று கேட்டார். எங்கள் சிறு நீதிமன்றங்களில் நீதிபதி ஒருவரே. வழக்குகள் வரிசைகட்டி நிற்கும். அப்படிக் கேட்க அவருக்கு மனம் இருந்தாலும் நேரம் இருக்காது.

அன்று மாலை அக்கா வெளியே வந்தபோது முகம் இருண்டு கிடந்தது. நான் இடியப்பமும் சொதியும் சம்பலும் வாங்கி வந்து வைத்தேன். ஒரு இடியப்பத்தைப் பிய்த்தார், அப்படியே வைத்துவிட்டார்.

"சுகமில்லையோ அக்கா?"

"இல்லை." தட்டைத் தள்ளிவிட்டு, "தம்பி, ஜூரி ஆக்கள் ஜட்ஜுக்குக் கடுதாசி எழுதினா அது பிழையோ?"

என் வாய் வரைக்கும் பதில் வந்துவிட்டது. பதினாறு வருட அனுபவம். ஆனால் என்ன கடுதாசி, ஏன், எதைப் பற்றி என்று அடுத்த கேள்வி என்னிடமிருந்து வந்துவிடும் என்று எனக்கே பயம். அவர் வழக்குக்குள் இருக்கிறார். நான் வெளியே.

"முதல் நாள் ஜட்ஜ் அதைப் பற்றி ஏதாவது சொன்னவரோ?"

அக்கா யோசித்தார். "சொன்னவர்."

"அவர் என்ன சொன்னவரோ அதுதான் சட்டம். நான் சொன்னா அது வெறும் கதை."

அவர் தலையை ஆட்டினார். அவரோடு சேர்ந்து நடக்க முடியாத இடத்துக்கு அவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். என்னால் செய்ய முடிந்தது, தேத்தண்ணிக்கு இஞ்சி இடித்துப் போட்டதுதான்.

வியாழக்கிழமை காலை ரயில்கள் நின்றுவிட்டன. எங்கோ சிக்னல் கோளாறாம். ஒரு ஜூரி வராவிட்டால் நீதிபதி முதல் கைதி வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு ஓடினோம். பஸ்ஸை வாகன வரிசை அசைய விடவில்லை. இறங்கி நடந்தோம். அக்கா மூச்சு வாங்க, "இண்டைக்குப் பிந்தக்கூடாது தம்பி, இண்டைக்கு எண்டாப் பிந்தவே கூடாது" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

தமிழ்க் கடை ஒன்றின் முன்னால் ஒருவர் தன் வான் வண்டியிலிருந்து மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். அக்கா வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைதான்.

"என்னக்கா, இந்த ஓட்டம்?"

"கோட்டுக்கு. ஒன்பதரைக்கு நிக்கோணும்."

அவர் பெட்டியைக் கீழே போட்டார். "கோட்டுக்கோ? ஆர் உங்களைப் பிடிச்சது? ஏறுங்கோ, ஏறுங்கோ. வக்கீல் இருக்கோ?"

முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவில் நான் உட்கார்ந்தேன். அக்கா முன்னால். சந்து சந்தாகப் புகுந்து வானை ஓட்டினார். அக்கா ஜூரி என்று விளங்கியதும் அவர் குரலே மாறிவிட்டது. "அப்ப நீங்கள் தீர்ப்புச் சொல்லுற ஆளோ! எங்கடை ஆக்களிலை ஒரு ஆள்!" என்று வாசலில் இறக்கிவிட்டு ஒரு கட்டுக் கறிவேப்பிலையை அக்காவின் கையில் திணித்தார். பாதுகாப்புக்காரர் அந்தக் கறிவேப்பிலையைக் கருவியால் தடவிப் பார்த்தது எனக்குக் கண்ணாடிக் கதவினூடே தெரிந்தது. மணி ஒன்பது இருபத்தெட்டு.

அன்று மாலை அக்கா வேறு ஆளாக வந்தார். காரணம் சொல்லவில்லை. "பசிக்குது தம்பி" என்றார். வீட்டுக்குப் போனதும் அந்தக் கறிவேப்பிலையைப் போட்டுக் கத்தரிக்காய் வதக்கி, சோறு போட்டு, இருவரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம்.

வெள்ளியன்று ஜூரியைத் தனி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். முடிவு வரவில்லை. சனிக்கிழமை தமிழ்க் கடைகள் நிறைந்த டூட்டிங்குக்கு அக்காவைக் கூட்டிப்போனேன். கொத்து ரொட்டி அடிக்கும் இரும்புச் சத்தத்தில் பேச முடியாது, அது எங்கள் இருவருக்கும் வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை மதியத்துக்குப் பிறகு தொலைபேசி அடித்தது. "முடிஞ்சுது. வா."

கோட்டுக்குப் பக்கத்தில் சின்னப் பூங்கா ஒன்று உண்டு. வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் அக்கா கைக்குட்டையை எடுத்தார். அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தேன். கோட்டில் எல்லோர் முன்னாலும் நடந்ததை இனிச் சொல்லலாம். ஜூரி அறைக்குள் நடந்ததை மட்டும் ஒரு நாளும் சொல்லக்கூடாது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்பது அக்காவுக்கு என்னைவிடத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

"ஒரு பிள்ளை, தம்பி. முப்பது வயசு இருக்கும். வயசுபோன ஆக்களை வீடு வீடாப் போய்ப் பராமரிக்கிற வேலை. கார் ஓடிப் போகேக்குள்ளை ஒரு சைக்கிள்காரரோடை மோதுப்பட்டிட்டுது. அந்தாளுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு போச்சு. அந்தப் பிள்ளை அபாயமா ஓடினவ எண்டு வழக்கு. நிரூபிச்சா மறியல்தான், சிறைக்குப் போக வேண்டி வரும்."

"கண்டவை ஆரும் இருந்தவையோ?"

"பஸ் ஸ்டொப்பிலை நிண்ட ஒரு ஐயா. எங்கடை யாழ்ப்பாணத்து ஆள். இங்கிலீஷ் ஏலாது, மொழிபெயர்க்க ஒரு பிள்ளை வந்தவ. சென்னைப் பக்கம். நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை." அக்கா மூக்கைத் துடைத்தார். "கார் எப்பிடி வந்தது எண்டு அரசாங்க வக்கீல் கேட்டவர். ஐயா சொன்னவர், கார் ஆறுதலாத்தான் வந்தது எண்டு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஆறுதலாக வருவது என்றால் அவசரமில்லாமல், மெதுவாக வருவது. "ஆறுதலா வா" என்றால் ஓடி வராதே என்று பொருள். இந்தியத் தமிழில் ஆறுதல் என்றால் தேற்றுவது, மனம் இலேசாவது.

"அந்தப் பிள்ளை இங்கிலீஷிலை என்ன சொன்னவ?"

"ரிலாக்ஸா வந்தவ எண்டு. வக்கீல் அதைப் பிடிச்சிட்டார், றோட்டைக் கவனிக்காமல் வந்தவ எண்ட மாதிரி. ஓட்டினவ ரிலாக்ஸா இருந்தது உமக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டவர். அந்தப் பிள்ளை அதைத் தமிழிலை, ஆறுதலா இருந்தாங்கன்னு எப்படித் தெரியும் எண்டு கேட்டா. ஐயாவுக்குக் கோவம். 'என்ரை கண்ணாலை பாத்தனான்!' எண்டார். வக்கீல் தாளிலை எழுதிக் கீழை கோடு போட்டவர். நேரம் போச்சு, நாளைக்குத் தொடருவம் எண்டு ஜட்ஜ் எழும்பிட்டார். அந்தக் கார்ப் பிள்ளை பின்னாலை கண்ணாடிக் கூட்டுக்குள்ளை இருந்தவ. அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை. வக்கீல்மாருக்கும் விளங்கேல்லை. அந்த அறை முழுக்க அது விளங்கின ஆள் நான் ஒருத்தி, தம்பி."

எங்கள் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கறிஞருக்குப் பக்கத்தில், அதே மேசையில் இருப்பார். காதில் குசுகுசுக்கலாம். இங்கே பின்னால் தனியாகக் கூட்டில். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மொழிபெயர்ப்பாளர் சொல்லும் ஆங்கிலம் மட்டுமே சாட்சியம், உங்களுக்கு அந்த மொழி தெரிந்தாலும் நீங்களாகப் பொருள் எடுக்கக்கூடாது என்று எங்கள் நீதிபதிகள் ஜூரிகளிடம் சொல்வதுண்டு. அதை நான் நியாயமான விதி என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பன்னிரண்டு பேரும் ஒரே சாட்சியத்தைக் கேட்க வேண்டாமா?

"அப்ப என்ன செய்தனீங்கள்?"

"மற்ற ஆக்களுக்கு அதைச் சொல்லிக் குழப்பக்கூடாது எண்டு நினைச்சன். ஜட்ஜ் முதல் நாளே சொன்னவர், கேள்வி இருந்தா எழுதித் தாங்கோ எண்டு. வியாழன் காலமை ஜூரி அறையிலை இருந்து எழுதினன். மூண்டு தரம் கிழிச்சுப் போட்டன். மார்சியா பேனை தந்தவ, என்ன எழுதிறாய் எண்டு கேக்கவே இல்லை."

"என்ன எழுதினீங்கள்?"

அக்காவுக்கு ஒவ்வொரு சொல்லும் மனப்பாடமாக இருந்தது. ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் இப்படி வரும்: 'மதிப்புக்குரிய நீதிபதி அவர்களுக்கு. நானும் சாட்சியின் ஊர்த் தமிழ் பேசுபவள். அவர் சொன்ன சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு பொருள் உண்டு. அந்தச் சொல்லால் என்ன கருதினார் என்று தயவுசெய்து அவரையே கேளுங்கள். மொழிபெயர்த்த பிள்ளையில் பிழை இல்லை. அவருடைய ஊரில் அதன் பொருள் அதுதான்.'

"அந்தப் பிள்ளைக்கு வேலை போகக்கூடாதெல்லோ" என்றார்.

கடுதாசியை வாங்கிய நீதிபதி ஜூரியை வெளியே அனுப்பி, வழக்கறிஞர்களோடு பேசினாராம். அரை மணி நேரம். திரும்பக் கூப்பிட்டபோது சாட்சியிடம் நீதிபதியே கேட்டார்: கார் வந்த விதத்தை வேறு சொற்களில் சொல்ல முடியுமா? அந்த ஐயா கையை நீட்டி, சாட்சிக் கூண்டின் மரச்சட்டத்தின் மேல் விரல்களை நடத்திக் காட்டினாராம். "இப்பிடி. நடந்து போறவனே முந்திப்போடுவான். அந்த மனுசன் நிப்பாட்டியிருந்த ஒரு வானுக்குப் பின்னாலையிருந்து திடீரெண்டு சைக்கிளோடை வந்திட்டார்." மொழிபெயர்த்த பெண் முகம் சிவந்து, தன் தமிழில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்று நீதிபதியிடம் சொன்னார். நீதிபதி அவருக்கும் நன்றி சொன்னார், ஜூரிக்கும் நன்றி சொன்னார். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

"தீர்ப்பு?"

"குற்றவாளி இல்லை." அக்கா நிலத்தைப் பார்த்தார். "அந்தக் கார்ப் பிள்ளை அப்பிடியே குந்திட்டா. ஆனா சைக்கிள்காரரும் வந்திருந்தவர் தம்பி. தடியை ஊண்டிக்கொண்டு எழும்பிப் போனார். அவரின்ரை முகத்தை என்னாலை பாக்க ஏலாமப் போச்சு. ஆர் பிழை எண்டாலும் அவருக்கு நோவு நோவுதானே."

இந்த வழக்கில் ஜூரி அறைக்குள் என்ன பேசினார்கள், யார் ஒத்துக்கொண்டார்கள், யார் மறுத்தார்கள் என்று அறிய எனக்கு ஆசை. கேட்டுவிட்டேன். எங்கள் நாட்டில் வழக்கு முடிந்ததும் ஜூரிகள் வாசற்படியிலேயே தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"அது சாகுமட்டும் சொல்லேலாது" என்றார் அக்கா. "பதினொரு பேர் என்னை நம்பி வாய் திறந்தவை."

வீட்டுக்கு வந்ததும் அக்கா மேலே போனார். அலுமாரி இழுக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் பைலைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். உள்ளே மஞ்சளாகிப்போன ஒரு கடிதம். அவர் அகதி அந்தஸ்துக் கேட்டபோது முதல் முறை மறுத்து அனுப்பிய கடிதம்.

"நான் இதை முழுக்க வாசிச்சதில்லை. வக்கீல்தான் வாசிச்சவர். நீ வாசி."

வாசித்தேன். மூன்றாவது பக்கத்தில் இருந்தது. தன் அண்ணன் இராணுவத்தால் பிடிக்கப்பட்டதாக நேர்காணலில் கூறிய விண்ணப்பதாரி, பின்னர் தனக்குத் தம்பி ஒருவர் மட்டுமே என்று கூறியிருக்கிறார். ஆகவே அவர் கூறும் எதையும் நம்புவதற்கில்லை.

"பக்கத்து வீட்டு ரவி அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள் எண்டுதான் சொன்னனான்" என்றார் அக்கா. "மொழிபெயர்த்தவர் அதை என்ரை கூடப்பிறந்த அண்ணை எண்டு சொல்லிப்போட்டார். எனக்கு அப்ப இங்கிலீஷ் ஒரு சொல்லும் விளங்காது. அப்பீல் செய்து வெல்ல இரண்டரை வருசம். உங்கடை அத்தான் அவ்வளவு காலமும் கொழும்பிலை லொட்ஜிலை தனியக் கிடந்தவர்."

விசாப் பேப்பர் பிந்துகிறது என்று மட்டுமே எங்களுக்கு அப்போது சொல்லியிருந்தார்கள். முப்பது வருடமாக நானும் அதையே நம்பியிருந்தேன்.

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன? தம்பி ஒருத்தன்தான் எண்டு உண்மையைச் சொன்னதாலை வந்தது. நீ அதை நினைச்சுக் கவலைப்படுவாய்." கடிதத்தின் ஓரத்தைத் தடவினார். "அவர் போன பிறகுதான் அடிக்கடி நினைப்பு வரும். அவரோடை இருந்திருக்க வேண்டிய இரண்டரை வருசம்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சமையலறைச் சன்னலில் வெயில் இருந்தது. வெளியே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள்.

"இதிலை பிழை எண்டு இப்ப எழுதலாமோ?" என்று கேட்டார். "ஆருக்கும் அனுப்பத் தேவையில்லை. சும்மா, இதிலையே."

"எழுதலாம். நான் எழுதித் தரட்டோ?"

"இல்லை. நான் எழுதுறன்."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வரிக்குப் பக்கத்தில், பக்கத்தின் வெள்ளை ஓரத்தில், ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ரவி அண்ணை என் அயலவர். எனக்கு ஒரேயொரு தம்பி. எழுதி முடித்துத் தாளை என் பக்கம் திருப்பினார்.

"எழுத்துப்பிழை இருக்கோ, பார்."

அயலவர் என்பதற்கு எழுதிய 'நெய்பர்' என்ற ஆங்கிலச் சொல்லில் 'யு' என்ற எழுத்துக் கூடியது போலத் தெரிந்தது. அமெரிக்காவில் அந்த எழுத்தை விட்டுவிடுவோம். சொல்ல வாயெடுத்தேன். பிறகுதான் இந்த நாட்டில் அந்தச் சொல்லை அப்படித்தான் எழுதுவார்கள் என்பது நினைவுக்கு வந்தது.

"சரியாத்தான் இருக்கு, அக்கா" என்றேன்.

அவர் கீழே கையெழுத்து வைத்தார்.